தோளில் தேய்ந்த நீலச் சட்டை

எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். மகளும் அப்படித்தான், கல்யாணமாகிக் காக்கநாட்டில் இருக்கிறாள். நான் தென்காசிப் பக்கம் பத்தாவது வரை படித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆகவே இந்த நோட்டை மேசைமேல் திறந்தபடியே போட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். ஒளித்து வைக்கும் வேலை மிச்சம். இப்போதெல்லாம் எந்த வேலை மிச்சமானாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நான் ஒரு ஹோட்டலில் துணி அறையில் வேலை பார்க்கிறேன். பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்து வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். மாடியில் தங்குகிறவர்களுக்குக் காயலும் படகும் தெரியும். கீழே எனக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஏ.சி. இயந்திரங்களின் வால்பக்கம். சலவையிலிருந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துண்டுகளையும் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி அறைக்குப் போகலாமா, கழித்துவிடலாமா என்று முடிவு செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. விரிப்பு நம்மைவிட நீளம்.

கழிக்கிற துணிக்கு ஒரு சீட்டு எழுதி ஊசியால் குத்த வேண்டும். அதில் மூன்று கட்டம். கறை, சேதம், மூன்றாவது கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘வெயர்’. முதல் இரண்டுக்கும் விசாரணை உண்டு. யார் கறையாக்கினது, யார் கிழித்தது, எந்த அறை, எந்தத் தேதி என்று நோண்டுவார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் கிடையாது. உபயோகித்தார்கள், போய்விட்டது, அவ்வளவுதான். யார்மேலும் குற்றமில்லை. அறை துடைக்கும் பெண்கள் என்னிடம் வந்து, “சேச்சி, இது வெயர்னு போட்டுத் தா சேச்சி” என்று கெஞ்சுவார்கள். சாயாக் கறையைக்கூட அப்படிப் போட்டுத் தந்திருக்கிறேன். சாமி மன்னிக்கட்டும்.

அந்த வார்த்தையோடு எனக்கு அப்படித்தான் பழக்கம். பிறகு பார்த்தால் அது எங்கே பார்த்தாலும் இருந்தது. நேரம் பதிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், அடையாள அட்டையை ‘வெயர்’ செய்யாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று நோட்டீஸ். அது போட்டுக்கொள்வது. படகுத்துறைக்குப் போகும் ஆட்டோக்காரர் முன்சக்கரத்தைக் காலால் தட்டி, “டயர் நல்ல வெயராயி” என்பார். அது தேய்வது. ஒரு நாள் மாடி வராந்தாவில் துண்டுக் கட்டோடு நின்றபோது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என் கையைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அதிலும் அந்த வார்த்தையின் சாயல் இருந்தது. சேலையைத்தான் சொல்கிறாளோ என்று முந்தானையைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் சூப்பர்வைசர் மேடம்தான் விளக்கினாள். “சேலையை இல்ல சேச்சி. உங்களைத்தான். நல்லா ஓய்ஞ்சு போயிருக்கீங்களாம்.”

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. சேலை நையும். செருப்பு தேயும். கயிறு இற்றுப்போகும். சாயம் வெளுக்கும். மனுஷி ஓய்ந்துபோவாள். இங்கிலீஷ்காரன் போட்டுக்கொள்வதற்கும் அதையே சொல்கிறான், போட்டுப் போட்டு வீணாவதற்கும் அதையே சொல்கிறான். சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். துணி அறையில் பத்து வருஷம் நின்ற பிறகு, அவனும் யாராவது ஒரு துணி அறையில் நின்றிருப்பான் என்று தோன்றியது.

என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கிறது. மாலை நாலு மணிக்கெல்லாம் கால் இரண்டும் யாருடையதோ மாதிரி கனக்கும். இறுக்கமான காலுறை போடச் சொன்னார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதற்கு நரம்பே தேவலை. இந்த வருஷம் சித்திரை விஷு கழிந்த ஒரு சாயங்காலம், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தபோது கணவர் சொன்னார்.

“போதும் புள்ள. ஓணம் வரைக்கும் போ. அதோட நிறுத்திக்கோ. உன்னை உக்கார வச்சுச் சோறு போட எனக்குத் தெம்பில்லியா?”

முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். இது அதில் பெரியது. மறுநாளே மேடத்திடம் போய், ஓணத்தோடு நின்றுகொள்கிறேன், ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வேலை கனக்கவே இல்லை. ஒவ்வொரு விரிப்பைப் பிடித்துப் பார்க்கும்போதும் ஓணத்துக்கு அடுத்த நாள் காலையை நினைத்துக்கொள்வேன். பெரிய ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. ஏழு மணிவரை தூங்க வேண்டும். எழுந்து சாயா போட்டு, அதை உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

அவர் பஜாரில் சுமை தூக்குகிறவர். அரிசி, சுக்கு, மிளகு, வெங்காயம், எது லாரியில் வந்தாலும் கிட்டங்கிக்குள் போய்ச் சேருவது இவர்கள் பிடரியில்தான். தனியாளாகப் போய்த் தூக்கிவிட முடியாது. சுமைக்காரர்களுக்கென்று ஒரு குழு உண்டு. அதில் இடம் உள்ளவன்தான் சாக்கைத் தொடலாம். இடம் உள்ளவனுக்கு அட்டையும் நீலச் சட்டையும் உண்டு. இடத்தை விட்டுப் போகிறவன் அட்டையையும் சட்டையையும் திருப்பித் தந்துவிட வேண்டும், அடுத்து வருகிறவன் போட்டுக்கொள்வான். அதனால் நீலச் சட்டை என்பது அவர்களுக்கு வெறும் துணியில்லை. கல்யாண வீட்டுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்த ஆளை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

அந்தச் சட்டைகளைத் தைத்துத் தைத்தே எனக்கு அவை மனப்பாடம். சாக்கு உட்காருகிற இடம் வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல் தோள் அல்ல. காலருக்குக் கீழே, பிடரிக்கும் முதுகுக்கும் நடுவில், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் துணி நையும். முதலில் நிறம் போகும், பிறகு பாவு நூல் மட்டும் நிற்கும், பிறகு கண்ணுக்கு எதிரே பிடித்தால் ஜன்னல் தெரியும். பழைய சட்டையின் வால்துண்டை உள்ளே வைத்துத் தைத்துவிடுவேன். இன்னும் நாலு மாதம் ஓடும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தைத்துக் கொடுத்தால் மாட்டிக்கொண்டு போவார். தன் சட்டையின் முதுகை எந்த ஆம்பிளை பார்த்திருக்கிறான்?

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. வலது கை மரத்துப்போய் சாயா கிளாஸைக் கீழே போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி, கழுத்தெலும்பைக் காட்டி, ‘வெயர் அண்ட் டெயர்’ என்றார். தேய்மானம் என்று நானே சொன்னேன். மலையாளத்திலும் தேய்மானம்தான், அதில் ஒன்றும் சண்டையில்லை. ஊசி போட்டார்கள். ஊசியின் பலன் கொஞ்ச நாளில் ‘வெயர் ஆஃப்’ ஆகும், மெல்லத் தீர்ந்துபோகும், அதற்குள் சுமையை விட்டுவிடுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். அங்கேயும் வந்து நின்றது பாருங்கள் அந்த வார்த்தை. கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு வாரம் வீட்டில் கிடந்தார். பிறகு ஒரு காலையில் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, “குழப்பமில்ல, இப்ப நல்லாருக்கு” என்று கிளம்பிவிட்டார். நான் நம்பினேன். ஊசி கேட்டுவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொடுப்பது குறைந்தபோது, பஜார் மந்தம் என்றார். பஜார் மந்தம்தான், பாதிக் கிட்டங்கியில் இப்போது காப்பிக் கடையும் படக்கண்காட்சியும் நடக்கிறது. அதையும் நம்பினேன்.

ஆவணி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையைத் தைக்க எடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுச் சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தார். “தோள்ல போயிருக்கு பாரு” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதுவே புதுசு. சட்டை எங்கே நைந்து போயிருக்கிறது என்று அவர் இதுவரை சொன்னதே இல்லை.

சட்டையில் சுக்குத் தூசி இருந்தது. வியர்வை இருந்தது. இடத் தோளின் உச்சியில், கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற இடத்தில், துணி தேய்ந்திருந்தது. பழக்கத்தில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். காலருக்குக் கீழே, பிடரிக்குக் கீழே, துணி கெட்டியாக இருந்தது. இந்த வருஷம் வந்த சட்டை, வாங்கின அன்று இருந்த நீலம். தோளுச்சியில் மட்டும் மூன்று விரல் அகலத்தில் நூல் பிசிறி, ஒரே திசையில் கீறியிருந்தது. சாக்கு அப்படித் தேய்க்காது. சாக்கு அழுத்தி, நசுக்கி, மெதுவாகத் துணியின் உயிரை எடுக்கும். இது சுவரில் உரசினது. பிசிறுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

ஊசியில் நூல் கோத்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு விரிப்பைப் பார்த்திருக்கிறேன்! எங்கே இடுப்பு வைத்தார்கள், எங்கே குதிகால் தேய்த்தார்கள் என்று முகமே தெரியாதவர்களின் தூக்கத்தைச் சொல்லிவிடுவேன். சொந்தப் புருஷனின் சட்டையை இந்த வருஷம் ஒரு தரம்கூட வெளிச்சத்தில் பிடிக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை எனக்கு வார விடுமுறை. மீன் வாங்குகிறவள் மாதிரி ஒரு பையை எடுத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தேன். அவர்களுடைய கிட்டங்கி வாசலில் லாரி நின்றது. அதன் நிழலில் ஒதுங்கி எட்டிப் பார்த்தேன். நாலு பேர் சாக்கு சுமந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவர் இல்லை. உள்ளே ஓரத்தில், கவிழ்த்த பெட்டிமேல், பனியனோடு உட்கார்ந்து, கிழிந்த சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை தலைக்குமேல் ஆணியில் தொங்கியது. மரத்துப்போன கை என்பதால் ஒவ்வொரு குத்துக்கும் ஊசியை இடது கைக்கு மாற்றினார். எவ்வளவு மோசமான தையல்! உள்ளே போய்ப் பிடுங்கி நானே தைத்துவிடலாம் போல இருந்தது.

சுமை இறக்கிவிட்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். குழுவில் இவரோடு இருபது வருஷம் தூக்கினவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு வேகமாக வந்து, லாரிக்கு மறுபக்கம் என்னைக் கூட்டிப் போனார்.

“சேச்சி எந்தா இவிடெ?” என்று நான் அங்கே வந்ததைக் கேட்டார். பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார். “பாத்துட்டீங்களா?”

“எத்தனை நாளா?”

“ஆறு மாசம் கழிஞ்ஞு. கழுத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் நாங்களே அவன் சாக்கையும் எடுத்தோம். அவன்தான் வேண்டாம்னுட்டான். அட்டையைக் கொடுத்து இடத்தை விட்டுட்டான். சாக்கு தைக்கிற பணிக்கு மொதலாளி வச்சிருக்கார்.”

“சட்டை?”

அவர் தரையைப் பார்த்தார். “முறைப்படி திருப்பித் தரணும். ஆரும் கேக்கல சேச்சி. கேக்கவும் மாட்டோம். சாயங்காலம் கிளம்பும்போ அதை எடுத்துச் செவுத்துல உரசுவான். மொதல்ல எங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. பின்னே யாரும் சிரிக்கல.”

“எதுக்கு இந்த நாடகம்?”

“ஓணத்தோட நீங்க நிறுத்தணுமாம். தெரிஞ்சா நிறுத்த மாட்டீங்களாம். அப்புறம் எங்கயாவது வாட்ச்மேன் பணி பாத்துக்கலாம்னு சொல்றான். வீட்டுல இதைச் சொல்லண்டா சேச்சி. என்னை வச்சு அவனுக்குத் தெரியண்டா.”

சரி என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பொய் சொல்லி விஷுவிலிருந்து என்னைச் சந்தோஷமாக வைத்திருந்தார் என்று கோபம். தேய்க்கிறதுதான் தேய்த்தார், சரியான இடத்தில் தேய்க்கக்கூடத் தெரியவில்லையே என்று கோபம். பிடரிக்குக் கீழே உரசியிருந்தால் நான் பாட்டுக்கு ஓணத்தோடு நின்றிருப்பேன். தூங்கியிருப்பேன். வாட்ச்மேன் வேலைக்கு அந்தக் கழுத்தோடு அவர் போன பிறகுதான் தெரிந்திருக்கும். அந்த லாரி நிழலில் நின்று, ஏன் தெரிந்துகொண்டேன் என்றுதான் நொந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் முதலில் வந்தது அந்த நினைப்புதான், அவருடைய கழுத்து இரண்டாவதாகத்தான் வந்தது.

மீன் வாங்காமலே திரும்பினேன். அன்று ராத்திரி அவர் தூங்கின பிறகு, சட்டையின் தோளுச்சியில் துண்டு வைத்துத் தைத்தேன். கிழியாத இடத்துக்குப் பக்கத்தில், பொய்யாய்க் கிழிந்த இடத்துக்கு, நிஜமான தையல். சீட்டு எழுதச் சொல்லியிருந்தால் எந்தக் கட்டத்தில் குறி போடுவேன் என்று யோசித்தேன். கறையும் இல்லை, சேதமும் இல்லை. யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?

செவ்வாய்க்கிழமை மேடத்தின் மேசைக்கு எதிரில் போய் நின்றேன். அவள் சிரித்த முகமாக, “சேச்சி, ஆள் கிடைச்சாச்சு. தேவராப் பக்கத்துப் பொண்ணு. அடுத்த வாரம் வந்து உங்ககிட்ட வேலை கத்துக்கட்டும்” என்றாள்.

“நான் நிக்கல மேடம்.”

“எங்கே நிக்கல?”

“வேலைய விட்டு நிக்கல. தொடர்ந்து வரேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். “நேத்து வரைக்கும் நாள் எண்ணிக்கிட்டிருந்தீங்க. அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்க கால் இருக்கிற இருப்புக்கு எத்தனை நாள் நிப்பீங்க?” என்றாள்.

“நிக்கிற வரைக்கும் நிக்கிறேன்” என்றேன். அவள் மேசைமேலிருந்த தாளில் ஒரு வரியை அடித்தாள். அந்தப் பெண்ணை அறை துடைக்கிற வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அன்று எனக்கு எழுபது விரிப்பு வந்தது. ஓணத்துக்கு அடுத்த நாளை நினைக்காமல் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கை பழகின வேலை, தானாக நடந்தது.

சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மத்திக் குழம்பு வைத்திருந்தேன். பரிமாறிவிட்டு நானும் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“ஹோட்டல்ல விடமாட்டேங்கறாங்க” என்றேன். “ஆள் கிடைக்கலியாம். இன்னும் கொஞ்ச நாள் பாருங்கன்னு மேடம் கெஞ்சறா.”

அவர் பிசைவதை நிறுத்தினார். “அதெங்ஙனெ? வரண்டான்னா நிக்கணும், வான்னா வரணுமா? நான் வந்து பேசறேன்.”

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் சரின்னுட்டேன். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட இடம்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியல. நாளாகும்.”

“உன் கால்?”

“அது கிடக்கு.”

அவர் குனிந்துகொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கொஞ்சம் எதிர்பார்க்கவும் செய்தேன். முடியாது, நான் சொன்னால் சொன்னதுதான், நீ நிற்கத்தான் வேண்டும் என்று ஒரு தரம் கத்தியிருந்தால், அது பொய்யென்று தெரிந்திருந்தும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. அவருடைய தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. ஆறு மாதமாக அவை தூக்கியே இருந்தன என்பது இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கத் தட்டைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன்.

தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். முள்ளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் சோறு இருந்தாப் போடு.”

ஒரு தட்டோடு எழுந்துவிடுகிறவர், இத்தனை மாதத்தில் மறுசோறு கேட்டது அன்றுதான். பானை அடுப்படியில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.